கோர்டைட்டும் பொய்நகமும்

வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் ஆவணித் திருவிழா முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். ஈச்சிலம்பற்றில் எங்கள் வீட்டுக் கலியாணம். மணமகள் என் கடைசித் தங்கையின் மகள். தாதி உத்தியோகத்தராக வேலை பார்ப்பவள். பச்சிளங் குழந்தைகளைப் பராமரிக்கும் பிரிவில் அவளுக்குப் பணி. முகூர்த்தம் வியாழக்கிழமை நடந்தது. திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குத் திரும்பியாக வேண்டும்.

சனிக்கிழமை மாலை பின்விறாந்தையில் அவள் தனியே இருந்து அழுதுகொண்டிருப்பதைக் கண்டேன். இடது கை மோதிர விரலில் இரத்தம். மடியிலே ஒரு பொய்நகம் கிடந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அடிப்புறத்தில் அவளுடைய சொந்த நகத்தின் மெல்லிய படலமொன்று பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

கலியாணத்துக்கு முதல்நாள் நகரத்திலிருந்து வந்த அலங்காரப் பெண்ணொருத்தி பத்து விரல்களிலும் இவற்றைப் பொருத்திவிட்டுப் போயிருக்கிறாள். எப்படிக் கழற்றுவது என்று அவள் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று இவர்களுக்கும் தோன்றவில்லை. மருமகள் முதலில் நகவெட்டியால் நெம்பிப் பார்த்து, அது அசையாமற் போகவே, பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கிவிட்டாள். இன்னும் ஒன்பது மிச்சம்.

செய்தி பரவியதும் வீடு முழுவதும் வைத்தியர்கள் ஆகிவிட்டார்கள். மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையிலிருந்து தின்னர் கொண்டுவருவதாக ஒரு பையன் புறப்பட்டான். விளக்கில் காட்டினால் இளகிவிடும் என்றார் ஒரு பெரியம்மா. சவர அலகால் சீவலாம் என்றது இன்னொரு குரல். மூன்றையும் தடுத்து நிறுத்தியவன் நான். அழகுக்கலையில் எனக்கு என்ன ஞானம் என்று வாசக நண்பர்கள் கேட்பது நியாயம். எள்ளளவும் இல்லை. ஆனால் அசெற்றோன் என்ற திரவத்தை நான் நெடுநாளாக அறிவேன். திருகோணமலைத் துறைமுகத்துப் பீரங்கிகளைப் பற்றிக் கட்டுரையொன்று எழுதுவதற்காகக் குறிப்பெடுத்த காலத்தில் அறிமுகமானது அது. நகத்தைக் கழற்றும் அந்தத் திரவத்துக்கும் பீரங்கிக்கும் என்ன உறவு என்று மருமகள் அழுகையினூடே கேட்டாள். மறுநாள் அவளுடைய விரல்கள் ஊறிக்கொண்டிருந்த நேரத்தில் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பருத்திப் பஞ்சை நைத்திரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறவைத்தால் அது பார்வைக்குப் பஞ்சாகவே இருக்கும். ஆனால் தீப்பொறி பட்டால் புகையின்றிக் கணத்தில் எரிந்துபோகும். பாசல் நகரத்து இரசாயனப் பேராசிரியர் கிறிஸ்தியான் ஷோன்பைன் 1846 இல் இதனை உலகுக்கு அறிவித்தார். நைத்திரோசெலுலோஸ் என்பது அதன் பெயர். துப்பாக்கிப் பஞ்சு என்பது வழக்குப் பெயர். 1889 இல் பிரெடரிக் ஏபெல், ஜேம்ஸ் டிவார் என்னும் இரு பிரித்தானிய விஞ்ஞானிகள் இந்தப் பஞ்சை நைத்திரோகிளிசரினோடும் சிறிதளவு வஸலினோடும் சேர்த்துப் பிசைந்து, கயிறு போன்ற இழைகளாகப் பிழிந்தெடுத்தனர். கயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து அதற்குக் கோர்டைட் என்ற பெயர் வந்தது. பிரித்தானியக் கடற்படையின் பீரங்கிக் குண்டுகளை உந்தித் தள்ளியது இந்தக் கோர்டைட்தான்.

பஞ்சும் எண்ணெயும் தாமாகக் கலப்பதில்லை. இரண்டையும் இளக்கிக் களியாக்க ஒரு கரைப்பான் தேவைப்பட்டது. அதுதான் அசெற்றோன். இழைகளைப் பிழிந்து உலர்த்தும்போது அது ஆவியாகிப் போய்விடும். முடிந்த பண்டத்தில் அதற்கு இடமில்லை. நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்திலுள்ள அரவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் நிறுவிய கோர்டைட் தொழிற்சாலையைத் தமிழ்நாட்டு வாசகர்கள் அறிந்திருப்பார்கள். ஊட்டி மலை ரயிலில் போகிறவர்களுக்கு அரவங்காடு ஒரு நிலையமும்கூட.

முதலாம் உலகப் போர் மூண்டதும் இந்தக் கரைப்பானுக்குப் பெரும் பஞ்சம் வந்தது. அதுவரை மரத்தைக் காற்றுப் புகாமல் சூடாக்கி, வடித்தெடுக்கும் பொருள்களிலிருந்து அசெற்றோனைப் பெற்று வந்தார்கள். பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவேண்டும். 1915 இல் பீரங்கிக் குண்டுத் தட்டுப்பாடு பிரித்தானிய அரசையே ஆட்டங்காணச் செய்தது. அப்போது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கைம் வைஸ்மன் என்னும் யூத இரசாயனவியலாளர், மாப்பொருளை ஒருவகைப் பற்றீரியாவைக் கொண்டு நொதிக்கவைத்து அசெற்றோன் பெறும் வழியைக் கண்டிருந்தார். சாராய வடிசாலைகள் அசெற்றோன் ஆலைகளாக மாற்றப்பட்டன. நீர்மூழ்கிகளின் தாக்குதலால் சோளம் வருவது குறைந்தபோது, 1917 இல் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு உண்ணத் தகாத ஒருவகைக் காட்டுக் கொட்டைகளைப் பொறுக்கச் செய்தார்கள். எதற்காகப் பொறுக்குகிறோம் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை. வைஸ்மன் பின்னர் இஸ்ரேலின் முதலாவது ஜனாதிபதியானார். அவருடைய அசெற்றோனுக்குக் கைம்மாறாகவே பால்பர் பிரகடனம் வந்தது என்ற பொருள்பட லொயிட் ஜோர்ஜ் தம் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்தார். வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்பதில்லை. அரசியல்வாதியின் நினைவுக்குறிப்பை எத்தனை தூரம் நம்பலாம் என்பது என் தொழிலில் முதலில் கற்கும் பாடம்.

திருகோணமலையில் கடற்படைத் தளத்தினுள்ளே ஹூட் கோபுரம் இருக்கும் மேட்டில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அங்குள்ள கரையோரப் பீரங்கியின் பருமன் தெரியும். 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைப்பற்றிய துறைமுகம் அது. 1957 இல்தான் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தார்கள். அந்தப் பீரங்கிகள் கோர்டைட் யுகத்தைச் சேர்ந்தவை. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே கிடக்கும் ஈச்சிலம்பற்றுக்கு அசெற்றோன் என்ற பெயர் எட்டியிராது. அதைக் கொண்டு செய்த பண்டத்தின் முழக்கம் எட்டாதிருந்திராது.

போர் முடிந்ததும் நைத்திரோசெலுலோஸ் ஏராளமாக மிஞ்சியது. விரைவில் உலர்ந்து பளபளக்கும் பூச்சாக அதனை 1920களில் அமெரிக்க மோட்டார் வாகனங்களுக்கு அடித்தார்கள். அதே பண்டம்தான் பெண்களின் நகத்துக்கும் வந்தது. 1911 இல் நகக்கண்ணின் தோலை நீக்கும் திரவமாகச் சந்தைக்கு வந்த கியூட்டெக்ஸ் பிறகு நகப்பூச்சுக்கும் பெயராயிற்று. எங்கள் ஊர்களில் எந்த நிறுவனத்தின் நகப்பூச்சானாலும் அதற்குக் கியூட்டெக்ஸ் என்றே பெயர். 1932 இல் ரெவ்லொன் நிறுவனம் ஒளி ஊடுருவாத நிறப்பூச்சோடு தொழிலைத் தொடங்கியது. பூச்சின் அடிப்படை துப்பாக்கிப் பஞ்சு. அதனை அகற்றுவதற்குக் கோர்டைட் ஆலையின் கரைப்பான். உறவு இவ்வளவுதான். பழைய திரைப்படச் சுருள்களும் இதே நைத்திரோசெலுலோஸ்தான் என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன். தீப்பிடித்தும் தானே சிதைந்தும் அவை அழிந்துபோன காரணத்தால் ஆரம்பகாலத் தமிழ்ப் படங்களில் மிகப் பலவற்றை நாம் இனிப் பார்க்க முடியாது.

ஆனால் மருமகளின் விரலில் இருந்தது பூச்சன்று, பொய்நகம். அதன் பரம்பரை வேறு. அதுவும் போர்க்களத்தின் வழியாக வந்ததுதான்.

1930களின் தொடக்கத்தில் பிரித்தானியாவிலும் ஜெர்மனியிலும் கண்ணாடி போலத் தெளிந்த, உடைந்தால் கண்ணாடி போலச் சிதறாத பிளாஸ்டிக் ஒன்றைச் செய்தார்கள். மெதைல் மெதாக்கிரிலேட் என்ற திரவத்தை இறுகச் செய்து பெறும் அக்கிரிலிக் அது. பேர்ஸ்பெக்ஸ், பிளெக்ஸிகிளாஸ் என்ற வணிகப் பெயர்களைப் பலர் கேட்டிருப்பீர்கள். போர் விமானங்களில் விமானி இருக்கும் கூண்டுக்கு மூடியாக அது பயன்பட்டது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனன்குடாவிலிருந்து எழும்பிய 261 ஆவது அணியின் ஹரிக்கேன்களுக்கும் அந்த மூடிதான். எண்ணெய்க் குதங்களுள் ஒன்று அன்று பற்றி எரிந்தது. தாக்குதல் வருகிறது என்று அறிந்து முதல்நாளிரவே திருகோணமலையை விட்டுத் தெற்கே அனுப்பப்பட்ட ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், எங்கள் வெருகல் முகத்துவாரக் கடலைத் தாண்டி மட்டக்களப்புக் கடலில் வைத்து மூழ்கடிக்கப்பட்டது. அதில் முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

ஹரிக்கேனின் மூடியிலிருந்து ஒரு நன்மையும் பிறந்தது. 1940 ஆகஸ்டில் பிரித்தானிய வான்படை விமானி கோர்டன் கிளீவரின் விமானத்து மூடி சிதறி அவருடைய கண்களுக்குள் அக்கிரிலிக் துண்டுகள் ஏறின. அவருக்குச் சிகிச்சையளித்தவர்களுள் ஒருவரான கண் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி, அந்தத் துண்டுகளைக் கண் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டிருப்பதைக் கவனித்தார். 1949 நவம்பர் 29 இல் இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில், கண்புரை நீக்கிய கண்ணுக்குள் அக்கிரிலிக் வில்லையை முதன்முதலாகப் பொருத்தியவர் அவரே. அதே காலத்தில் பொய்ப்பற்களும் அக்கிரிலிக்குக்கு மாறியிருந்தன. 1954 இல் பிலடெல்பியா நகரத்துப் பல் வைத்தியர் பிரெடரிக் ஸ்லாக், வேலைசெய்யும்போது உடைந்துபோன தம் நகத்துக்குப் பல்செட் செய்யும் அக்கிரிலிக்கைக் குழைத்துப் பூசி ஒட்டுப்போட்டார் என்றும், இன்றைய அக்கிரிலிக் நகத்துக்கு அதுவே தொடக்கம் என்றும் சொல்கிறார்கள்.

இதைச் சொன்னபோது மருமகள் முதன்முறையாகச் சிரித்தாள். என் மேல்வரிசைப் பற்களும் இடக்கண்ணின் வில்லையும் அதே குடும்பத்துப் பண்டங்கள். வீட்டிலே அதிக அக்கிரிலிக் அணிந்திருப்பவர் மணமகளல்லர், மாமாதான் என்று அவளுடைய கணவர் மெல்லச் சொன்னார். வந்து மூன்று நாளே ஆன மாப்பிள்ளைக்கு அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

ஒட்டுப்பசையின் கதையும் 1942 இல்தான் தொடங்குகிறது. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹரி கூவர் என்பவர் துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடியபோது, தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்ளும் சயனோஅக்கிரிலேட் அகப்பட்டது. அன்று தொல்லையென்று ஒதுக்கிவிட்டார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்துத்தான் அதன் பெறுமதி புரிந்தது. 1958 இல் பசையாக விற்பனைக்கு வந்தது. ஒட்டும் பொய்நகங்களோடு வரும் சிறிய குழாயில் இருப்பது அதுதான். அந்தப் பசையைப் பஞ்சிலோ பருத்தித் துணியிலோ ஊற்றினால் சுடும் அளவுக்குச் சூடேறும். பசையைத் துடைக்கிறேன் என்று பஞ்சை அழுத்தித் தோலைச் சுட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மெதைல் மெதாக்கிரிலேட் திரவத்தைக் கொண்டு செய்த நகங்களால் சொந்த நகம் சிதைந்ததாகவும் தோலழற்சி வந்ததாகவும் முறைப்பாடுகள் எழுந்தன. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் நீதிமன்றம் சென்று அத்தகைய பண்டங்களைச் சந்தையிலிருந்து அகற்றியது. தொழிலில் நேர்மையுள்ளோர் அதன் பின் எதைல் மெதாக்கிரிலேட்டுக்கு மாறினார்கள். மலிவு கருதிப் பழையதையே பயன்படுத்துவோர் பல நாடுகளில் இன்றும் உண்டு. அது மிகக் கடினமாக இறுகும், அசெற்றோனுக்கும் இலகுவில் இளகாது. ஆகையால் ஒரு பொய்நகம் நீண்டநேரம் ஊறியும் சற்றும் அசையாவிட்டால் நாம் செய்த முறை பிழை என்று எண்ணிப் பலத்தைப் பிரயோகிக்கக் கூடாது. பண்டமே வேறாக இருக்கலாம். அப்போது அரத்தால் மெல்ல மெல்லத் தேய்த்து மெலிதாக்கி, மிச்சத்தை நகத்தோடு வளரவிட்டு வெட்டுவதே வழி.

புலம்பெயர்ந்த நாடுகளிலுள்ள வாசகர்களுக்கு நக அலங்காரக் கடைகள் என்றதும் வியட்நாமியர் நினைவு வரும். அதற்கும் ஒரு நாளும் இடமும் உண்டு. 1975 இல் சைகோன் வீழ்ந்தபின் கலிபோர்னியாவில் சக்ரமெந்தோ நகரத்துக்கு அண்மையிலிருந்த அகதி முகாமுக்கு, ஹிட்ச்கொக்கின் படங்களில் நடித்த டிப்பி ஹெட்ரன் உதவி செய்யப் போனார். அங்கிருந்த பெண்கள் அவருடைய நகங்களை வியந்து பார்ப்பதைக் கண்டு, தம் நக அலங்காரப் பெண்ணையே முகாமுக்கு அழைத்துவந்து சுமார் இருபது பெண்களுக்கு அந்தத் தொழிலைக் கற்பித்தார். அந்த இருபதிலிருந்து பெருகிய தொழிலில் அமெரிக்காவில் இன்று பெரும்பங்கு வியட்நாமியருடையது.

அகதி முகாம் என்றதும் பேச்சு நின்றுபோயிற்று. 2006 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈச்சிலம்பற்று மக்கள் வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைப் பக்கம் ஓடினார்கள். 2007 ஜனவரிக்குள் அங்கிருந்தும் மட்டக்களப்புக்கு. நான் அப்போது மட்டக்களப்பில் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தேன். மருமகளுக்கு அன்று எட்டு வயது. கூடாரமொன்றின் வாசலில் மருதோன்றி இலையை அரைத்து உள்ளங்கையில் அப்பிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். யாரோ வேலியோரம் கண்டு பறித்துக் கொடுத்திருந்தார்கள். மருதோன்றியை யாரும் கழற்ற வேண்டியதில்லை. நகத்தோடு வளர்ந்து, நகத்தோடு வெட்டுப்பட்டுப் போய்விடும்.

இனிச் செய்த முறைக்கு வருகிறேன். ஞாயிறு காலை பையனை மூதூருக்கு அனுப்பினோம். முதலில் அவன் கொண்டுவந்த போத்தலில் ‘அசெற்றோன் அற்றது’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. அது வெறும் பூச்சை அகற்றும். அக்கிரிலிக்கை ஒன்றும் செய்யாது. பாவம், மறுபடியும் போனான். வாங்குகிறவர்கள் கலப்பில்லாத அசெற்றோன் என்று கேட்டு, போத்தலின் பின்புறத்தையும் வாசித்துப் பார்ப்பது நல்லது. பொய்நக நீக்கி என்ற பெயரில் ஒருகாலத்தில் அசெற்றோநைத்திரில் என்ற வேறொரு திரவமும் விற்பனையானது. பெயர் கிட்டத்தட்ட ஒன்று, குணம் வேறு. வயிற்றுக்குள் போனால் அது உடலில் சயனைட்டாக மாறும். அதைக் குடித்த கைக்குழந்தையொன்று அமெரிக்காவில் இறந்ததை 1988 இல் அந்நாட்டு மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் வெளியிட்டது. ஐரோப்பாவில் அழகுப் பண்டங்களில் அது தடைசெய்யப்பட்டுள்ளது. தின்னருக்குப் புறப்பட்ட பையனை நான் தடுத்த காரணமும் இதுவே: தின்னர் பல கரைப்பான்களின் கலவை, எதெது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

முற்றத்து மாமர நிழலில் மேசை போட்டோம். வீட்டுக்குள் வேண்டாம் என்றேன், ஏனெனில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அசெற்றோனின் ஆவி காற்றைவிடக் கனமானது. நிலத்தோடு ஊர்ந்து தூரத்திலுள்ள நெருப்பைத் தேடிப் போகும். பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை குளிரிலும் பற்றக்கூடிய திரவத்துக்கு எங்கள் ஆவணி வெயில் எம்மாத்திரம்? அடுப்பு, விளக்கு, நுளம்புத்திரி, சுருட்டு எதுவும் அருகில் ஆகாது. பொய்நகத்தை விளக்கில் காட்டச் சொன்ன பெரியம்மா இதைக் கேட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

புண்பட்ட மோதிர விரலை முதலில் கழுவிச் சுத்தமான துணியால் கட்டி, அதை இந்த வேலையிலிருந்து விலக்கிவைத்தோம். திறந்த புண்ணில் அசெற்றோன் படக்கூடாது. மற்ற விரல்களில், சொந்த நகத்துக்கு அப்பால் நீண்டிருந்த பகுதியை நகவெட்டியால் சிறிது சிறிதாக வெட்டினாள். பிறகு மேற்பரப்பின் பளபளப்பு போகும்வரை அரத்தால் தேய்த்தாள். அந்த மினுக்குப் பூச்சு இருக்கும்வரை அசெற்றோன் உள்ளே இறங்காது. தேய்க்கும்போது அடியில் சொந்த நகம் தட்டுப்படும் முன்னரே நிறுத்திவிட வேண்டும். நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் விரல் நுனிக்கும் வஸலின் தடவினோம். கோர்டைட்டிலும் வஸலின் இருந்தது என்பதை மாப்பிள்ளை நினைவுபடுத்தினார்.

நகத்தின் அளவுக்குக் கிழித்த பஞ்சை அசெற்றோனில் நனைத்து நகத்தின்மேல் மட்டும் படும்படி வைத்து, ஒவ்வொரு விரல் நுனியையும் ஈயத்தாளால் சுற்றினோம். கலியாணத்துக்கு வந்திருந்த சொக்கலேற் பெட்டிகளின் தாளே போதுமானதாக இருந்தது. அசெற்றோனை ஊற்றியெடுக்கக் கண்ணாடிக் கிண்ணம்தான். தங்கை கொண்டுவந்த பிளாஸ்டிக் கோப்பையைத் திருப்பி அனுப்பினேன். சில வகைப் பிளாஸ்டிக்குகள் அதில் கரைந்து மேசையோடு ஒட்டிவிடும். என் கண்ணாடியையும் எட்டவே வைத்தேன். ஒரு கையை முடித்த பின்தான் மறு கை. இரண்டையும் ஒரே நேரத்தில் சுற்றினால் மூக்கு அரித்தாற்கூடப் பிறர் உதவி வேண்டும்.

இருபது நிமிடம் கழித்து ஒரு விரலை மட்டும் அவிழ்த்துப் பார்த்தோம். பொய்நகம் ஊறிய அவல் போல உப்பி, விளிம்பில் குழைந்திருந்தது. ஐஸ்பழக் குச்சியொன்றால் நகக்கண்ணிலிருந்து நுனியை நோக்கி மெல்லத் தள்ள, மேல் அடுக்கு களியாக வந்தது. அடி அடுக்கு வரவில்லை. மருமகள் குச்சியை அழுத்தப் போனாள், கையைப் பிடித்துக்கொண்டேன். புதுப் பஞ்சு வைத்து மறுபடியும் சுற்றி இன்னும் பத்து நிமிடம். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் பொறுமையிழந்து நகத்தைப் பாழாக்குகிறார்கள். சுண்டுவிரல்கள் இரண்டு சுற்றில் முடிந்தன. வலது பெருவிரலுக்கு நாலு சுற்று எடுத்தது. ஒன்பது விரல்களும் முடியப் பகல் ஒரு மணியாயிற்று. பிறகு சவர்க்காரத்தால் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவினாள். அசெற்றோன் நகத்தின் நெய்ப்பை முழுதும் உறிஞ்சிவிடும். கழற்றிய நகம் சில நாள் வெள்ளைபூத்து வறண்டே இருக்கும்.

பசையால் மட்டும் ஒட்டும் ஆயத்த நகமாக இருந்தால் இத்தனை பாடு தேவைப்படாமற் போகலாம். இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரமும் சில துளி எண்ணெயும் விட்டு இருபது நிமிடம் விரலை ஊறவைத்து, பக்கவாட்டில் மெல்ல அசைத்தாலே அநேகமாகக் கழன்றுவிடும். நீரிழிவு உள்ளவர்களும் நகத்தைச் சுற்றிச் சிவந்தோ வீங்கியோ சீழ் கட்டியோ இருப்பவர்களும் வீட்டில் கைவைக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நகத்துக்கும் பொய்நகத்துக்கும் இடையில் பச்சை நிறம் தெரிந்தாலும் அப்படியே. விரல் நுனியில் அரிப்போ கொப்புளமோ கண்டால் மெதாக்கிரிலேட் ஒவ்வாமை என்று சந்தேகிக்கலாம். 2018 இல் பிரித்தானியத் தோல் வைத்தியர் சங்கம் இதுபற்றி எச்சரித்தது. ஒருமுறை ஒவ்வாமை உண்டானால் ஆயுளுக்கும் போகாது. பின்னாளில் பல் அடைப்புக்கும் மூட்டுச் சத்திரசிகிச்சைக்கும் அதே குடும்பத்துப் பண்டங்கள் தேவைப்படும்போது இடைஞ்சலாகும். 2025 செப்டம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஜெல் நகங்களை இறுகச் செய்யும் டி.பி.ஓ. என்ற சேர்மத்தையும் தடைசெய்திருக்கிறது.

அவள் ஏன் அப்படி அவசரப்பட்டுப் பிடுங்கினாள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் பிந்திப் போனால் என்ன என்று கேட்டேன். பயிற்சிக் காலத்தில் தங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு சம்பவத்தை அவள் சொன்னாள். வீடு திரும்பியபின் நானும் தேடி வாசித்தேன். அமெரிக்காவில் ஒக்லஹோமா நகரத்து வைத்தியசாலையொன்றின் பச்சிளங் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 1997 ஜனவரிக்கும் 1998 மார்ச்சுக்கும் இடையில் 46 குழந்தைகளுக்குச் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா தொற்றியது. அவர்களில் 16 குழந்தைகள் இறந்தன. ஆராய்ந்தவர்கள் தாதியரின் கைகளையும் பரிசோதித்தார்கள். தொற்றோடு தொடர்புபட்டதாக அவர்கள் கண்ட இரு தாதியரில் ஒருவருக்கு நீண்ட சொந்த நகம், மற்றவருக்கு நீண்ட பொய்நகம். அந்த நகங்கள்தான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற முடியாவிட்டாலும் பங்கிருக்கலாம் என்று 2000 ஆம் ஆண்டில் எழுதினார்கள். நோயாளரைத் தொடுவோர் பொய்நகம் அணியலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009 இல் வெளியிட்ட கைச்சுகாதார வழிகாட்டியில் இருக்கிறது. அவள் கையில் வாங்கும் குழந்தைகளில் சில ஒரு கிலோ எடைகூட இல்லாதவை.

திங்கட்கிழமை ஒன்பது சுத்தமான நகங்களோடும் ஒரு கட்டோடும் போனாள். பொறுப்புத் தாதி கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, புண் ஆறும்வரை குழந்தைகளுக்குக் கிட்டப் போக வேண்டாம் என்று பதிவேட்டு வேலைக்கு அனுப்பினாராம். கைவிரல் நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீற்றர் அளவே வளரும். அடியிலிருந்து நுனிவரை முழுதாக மாற ஆறு மாதம் வேண்டும். மாசி மகத்தன்று தொலைபேசியில் பேசினாள். மோதிர விரல் நகத்தின் நுனியில் ஒரு குறுக்கு வரி மட்டும் மிச்சமாம், அடுத்த தடவை வெட்டும்போது போய்விடுமாம். வைகாசியில் சின்னவளுக்குக் கலியாணம். அரைப் போத்தல் அசெற்றோனைத் தங்கை மண்ணெண்ணெய்க்கு எட்ட, அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.